பொறவு பேசுவா

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் புடவை எடுக்க அலமாரியைத் திறந்தேன். உள்ளே முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் என் பருத்திச் சேலைகள், கையில் துண்டு சுற்றிய ஒரு கனத்த மைக், காதில் ஹெட்போன். "அத்தை, மூடுங்க, சத்தம் உள்ள வருது" என்றாள். என் வீடு, என் அலமாரி. மூடினேன்.

அவள் என் தம்பி நயினாரின் ஒரே மகள். அரசுத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கவென்று போன ஆடியில் ஆலங்குளம் பக்கத்திலிருந்து குரோம்பேட்டைக்கு என்னிடம் வந்தாள். தீபாவளிவரை பயிற்சி நிலையத்துக்குப் போனாள். அதன்பிறகு ராப் பாடுகிறாள். பாடுகிறாள் என்பதா பேசுகிறாள் என்பதா தெரியவில்லை. தாளத்தோடு சண்டை போடுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். தொங்குகிற சேலைகள் எதிரொலியைத் தின்றுவிடுமாம், பட்டுச் சேலையைவிடப் பருத்தி நல்லதாம். கல்லூரியில் இத்தனை வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். சேலையைப் பற்றி இப்படி ஒரு முடிவை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பத்து மணிக்கு நயினார் கூப்பிட்டான். ஞாயிறு பத்து மணி அவனுடைய நேரம். ஊரில் 'நயினார் சவுண்ட் சர்வீஸ்' வைத்திருக்கிறான். கல்யாணம், சடங்கு, கோயில் கொடைத் திருவிழா எல்லாவற்றுக்கும் மைக் செட் கட்டுகிறவன்.

"எக்கா, முப்பி எங்க?"

"அவ படிச்சிட்டு இருக்கா. பொறவு பேசுவா."

"சரி சரி, தொந்தரவு பண்ணாத" என்றான். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் மடியில் காகிதம் இருந்தது. எதையோ படித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

அப்புறம் தன் கதையை ஆரம்பித்தான். நல்ல மைக் ஒன்றைக் காணவில்லையாம். கல்யாண வீட்டுக்காரன் எவனோ அமுக்கிவிட்டானாம். நான் அலமாரியைப் பார்த்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

அலமாரிக்குள் ஆள் இருக்கும்போது மின்விசிறி கூடாது, குக்கர் கூடாது, நான் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. தேர்வுப் புத்தகங்களின் மேல் தூசி. "அரசியலமைப்புச் சட்டம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "அது அங்கனயேதான் இருக்கு அத்தை, ஓடியா போகுது?" என்கிறாள்.

நயினாரிடம்: அவ படிச்சிட்டு இருக்கா, பொறவு பேசுவா.

பிப்ரவரி 1, ஞாயிறு

நயினார். அதே பதில். உண்மையை விளக்கிச் சொல்ல அரை நாள் ஆகும். எனக்கு விடைத்தாள் இருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

கூட்டமாகக் கத்துகிற இடங்களுக்கு நான் போவதில்லை. இன்று போனதற்குக் காரணம், முப்பி வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போனது.

ராயப்பேட்டையில் ஒரு பழைய கிடங்கு. வட்டமாகப் பையன்கள். இரண்டு பேர் நடுவில் நின்று மாறி மாறி ஒருவரை ஒருவர் பாட்டிலேயே கேவலப்படுத்த வேண்டும். யாருக்கு அதிகச் சத்தம் கிடைக்கிறதோ அவர் ஜெயித்தவர். கணிதமுறைப்படி பார்த்தால் இதைவிட மோசமான மதிப்பீடு இருக்க முடியாது.

முப்பி கறுப்புத் துணியால் மூக்குக்குக் கீழே மூடிக் கட்டியிருந்தாள். அப்பாவுக்குப் பயந்து. முதல் போட்டியில் பெயரைக் கேட்டபோது சொல்லப் பயந்து நின்றாளாம், நடத்துகிறவன் "இன்னாமா, ஊமச்சியா?" என்றானாம். அதுவே மேடைப் பெயராகிவிட்டது. வீட்டில் வாய் ஓயாதவளுக்கு ஊமச்சி என்று பெயர்.

எதிரில் நின்ற பையன் ஆரம்பித்தான்.

"தென்காசி பஸ்ஸு புட்ச்சி வந்த பீடி சுத்துற பொண்ணு,
மைக்கைக் கீழ வெச்சிட்டு ஊரு பக்கம் திரும்பு கண்ணு."

கூட்டம் குதித்தது. இவள் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"பீடி சுத்துன கைதாம்ல, பெருமையாச் சொல்லுதேன்,
எல வெட்டி, தூள் அள்ளி, நூல் கெட்டத் தெரியும்.
ஒன் பாட்டுல தூளே இல்ல, வெறும் எலதான் கெடக்கு,
பத்த வச்சுப் பாத்தாச்சு, பொககூட வரல ஒனக்கு."

அந்தப் பையனே சிரித்துவிட்டான். துணி வாயை மூடியிருந்ததால் பாதி எழுத்து விழுங்கிப்போயிற்று. மூன்றாவது வரியில் மூச்சும் வாங்கினாள். திரும்பும்போது பார்த்தால், என் கையிலிருந்த நுழைவுச் சீட்டு பீடிப் பருமனுக்குச் சுருண்டு, ஓரமெல்லாம் மடித்து அடைபட்டிருந்தது. எப்போது அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

மிளகும் பனங்கற்கண்டும் வாங்கினேன். வகுப்பெடுத்து எனக்கும்தான் தொண்டை கட்டுகிறது.

மார்ச் 3, செவ்வாய்

பல்லாவரம் சிக்னலில் பக்கத்து ஆட்டோவிலிருந்து என் குரல் கேட்டது.

"அவ படிச்சிட்டு இருக்கா. பொறவு பேசுவா." பின்னால் தாளம். மறுபடியும் நான். மறுபடியும் தாளம். பிறகு முப்பி:

"படிக்கேன் படிக்கேன்னு பரீட்சைக்குப் பேரு,
படிக்காத பக்கம் நானு, புரட்டுனது யாரு?"

மாலையில் கேட்டேன். நான் நயினாரோடு பேசும்போது அலமாரிக்குள் மைக் ஓடிக்கொண்டிருந்ததாம். தானாகப் பதிவானதாம்.

"தானாப் பதிஞ்சது தானாவா பாட்டுக்குள்ள போச்சு?"

"அத்தை, ஒங்க கொரல்தான் பாட்டே. நான் சும்மா தொட்டுக்க."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவிய."

"எடுத்துரு."

"வெளிய போயிட்டே அத்தை. இனிமே எடுத்தா ஜனம் திட்டும்."

எந்த ஜனம்? ஒரு நாளில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஒரு எண்ணைக் காட்டினாள். அந்த எண் எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும் என்றேன். அவள் கோபித்துக்கொண்டு அலமாரிக்குள் போய்விட்டாள். என் நைட்டி உள்ளே இருந்தது.

மார்ச் 5, வியாழன்

வருகைப் பதிவு எடுத்தேன். ஹேமமாலினி இல்லை. "எங்கே அந்தப் பெண்?" கடைசி வரிசையிலிருந்து: "அவ படிச்சிட்டு இருக்கா மேடம். பொறவு பேசுவா." வகுப்பே சிரித்தது. என் இழுப்பு, என் நிறுத்தம், அப்படியே.

"அமைதி" என்றேன். முன்வரிசையில் ஒருத்தி சட்டென்று நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனி இந்த வருடம் முழுவதும் கரும்பலகைதான்.

ஏப்ரல் 4, சனி

ஒரு இசை நிறுவனத்திலிருந்து ஜெரோம் என்று ஒருவர் வந்தார். செருப்போடு உள்ளே வந்து, "ஆன்ட்டி, நீங்கதானா அது" என்றார். பாட்டை அவர்கள் பெரிய அளவில் மறுபடி வெளியிடப் போகிறார்கள். மே பத்தாம் தேதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சி. அதில் ஊமச்சிக்குத் தனி மேடை. அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, என் குரலுக்கு என் சம்மதம். இன்னொன்று, அவள் முகத்துணியை எடுக்க வேண்டும். முகம் தெரியாத பெண்ணை அவர்களால் வளர்க்க முடியாதாம்.

என் குரலை எடுத்துவிடச் சொன்னேன். தயாராகத்தான் வந்திருந்தார். பின்னணிக் குரல் கொடுக்கும் பெண் ஒருத்தியை வைத்து அதே வரியைப் பேசிப் பதிந்து கொண்டுவந்திருந்தார். போட்டுக் காட்டினார். ரயில் தாமதமாக வருவதை அறிவிப்பதுபோல் இருந்தது. 'பொறவு' என்ற சொல்லை அந்தப் பெண் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறாள்.

பழையதையே போட்டுக்கொள்ளச் சொன்னேன். தமிழ் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக மட்டும்.

முப்பி முகத்துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜெரோம் போனதும், "அத்தை, அப்பாட்ட நீங்க சொல்லுதியளா?" என்றாள்.

"உன் அப்பா, உன் வாய்."

"ஒங்க தம்பிதான?"

அரிசி களையப் போனேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நயினார் இன்று முப்பியைக் கேட்கவில்லை, என்னிடமே பேசினான். சுரண்டையில் ஒரு மாப்பிள்ளை. மின்வாரியத்தில் வேலை. அடுத்த மாதம் ஊர்க் கொடை முடிந்து வருகிற திங்கள் பெண் பார்க்க வருகிறார்கள். "பரீட்சைய எழுதிட்டு வந்துரட்டும். பாஸானா வேலை, இல்லன்னா கல்யாணம். எதுனாலும் நல்லதுதான?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கரண்ட் போயிட்டு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மின்வாரியத்தை அவன்தான் ஞாபகப்படுத்தினான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

"இன்னிக்குச் சொல்லிருங்க அத்தை" என்று பத்து மணிக்கு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். போன் அடித்தது. எடுத்தேன்.

"அவ படிச்சிட்டு இருக்கா. பொறவு பேசுவா" என்றேன். பழக்கதோஷம்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "தாளம் கூடத் தப்பல" என்றாள்.

மே 6, புதன்

காலையில் நயினாரின் மனைவி பொன்னுத்தாய் கூப்பிட்டாள்.

"மைனி, நீங்க எந்தப் பாட்டுலயாவது பேசியிருக்கியளா?"

நேற்று ஊரில் கொடை. சாயங்காலம் இளவட்டங்கள் பென்டிரைவ் கொடுத்திருக்கிறார்கள். நயினார் மைக் செட்டில் செருகியிருக்கிறான்.

"வேப்பமரத்துல கெட்டுன குழாய் ஸ்பீக்கர்ல இருந்து நீங்க பேசுதிய மைனி. முப்பி படிச்சிட்டு இருக்கா, பொறவு பேசுவாங்கிய. அவிய சட்டப்பையில இருந்து போன எடுத்துக் காதுல வச்சி, 'அலோ, சொல்லு எக்கா'ன்னாவ."

நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"பொறவு?"

"மறுக்கா போட்டுக் கேட்டாவ. அதுக்கு மேல பாடுத பிள்ள யாருன்னு பெத்தவனுக்குத் தெரியாதா? செட்டயே அணைச்சிட்டாவ. வில்லுப்பாட்டுக்காரவ மைக் இல்லாம தொண்டை கிழியப் பாடுனாவ. ஊரே ஏசுது. அங்கதான் பொறப்பட்டு வாராவ."

"அடிப்பானா?"

"அடிக்கவா? அவியளா? கூட்டிட்டு வந்துருவாவ மைனி. அதான் எனக்குப் பயமா இருக்கு." போனை வைக்கும்முன், "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

மே 7, வியாழன்

நயினார் எப்போதும் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வருவான். இன்று கையை வீசிக்கொண்டு வந்தான். முப்பி வெளியே போயிருந்தாள். காபி கொடுத்தேன். குடிக்கவில்லை, பிறகு ஆறியதும் குடித்தான்.

"நீ பொய் சொல்லுவன்னு நான் நெனக்கவே இல்லக்கா."

"நீ கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"ஒன் பொய்ய நானே குழாய் கெட்டி நாலு ஊருக்குப் போட்டுக் காட்டியிருக்கேன். இத விட என்ன வேணும்?"

காபித் தம்ளரைக் கழுவப் போனேன். அவன் பின்னாலேயே வந்தான்.

"நான் பாட்டுக்கு விரோதி இல்ல. மேடைக்குக் கீழ மைக் செட்டு பக்கத்துல உக்காந்தே வளந்தவன். மைக் பிடிச்ச பொம்பளைய ஜனம் என்ன பேசும்னு ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மேல அவ பாடிக்கிட்டு இருப்பா, கீழ இவனுவ என்னென்ன பேசுவானுவ தெரியுமா? அத எம் பிள்ளைய வச்சிக் கேக்கணுமா நான்?"

முப்பி வந்தாள். வாசலில் அப்பா செருப்பைப் பார்த்திருக்க வேண்டும். கையில் முகத்துணியைக் கசக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். நேராக என் அறைக்குப் போய் அலமாரிக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டாள்.

நயினார் போய்க் கதவைத் திறந்தான். சேலைகள், விளக்கு, வயர்கள். குனிந்து அந்த மைக்கை எடுத்தான், திருப்பிப் பார்த்தான்.

"ஏட்டி, இது எம் மைக்கு."

"ஆமாப்பா."

"சுப்பையா கல்யாண வீட்டுல போயி எல்லாரையும் கள்ளப்பயலுவன்னு ஏசிட்டு வந்திருக்கேன்."

"தெரியும்ப்பா."

"சனிக்கிழமை ராத்திரி ரயிலு. துணிமணிய எடுத்து வையி." அவ்வளவுதான். அவள் அழுதாள், சத்தமில்லாமல். அவன் கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டான், மைக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் தோசை வார்த்தேன், யாரும் சாப்பிடவில்லை. மாவு புளித்துவிட்டது.

மே 8, வெள்ளி

கல்லூரிக்கு விடுப்புப் போட்டேன். இவர்களைத் தனியாக விட்டுப் போக முடியாது.

நயினார் காலையில் கேட்டான்: "ஏன்க்கா சொன்ன அப்படி? வாரா வாரம்?"

எதையோ சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை. சொன்னதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ராயப்பேட்டையைப் பற்றியும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைப் பற்றியும் சொன்னேன், பீடி வரிகளைச் சொன்னேன். நாலு வரியும் எனக்கு மனப்பாடமாக இருந்தது எரிச்சலாக இருந்தது. நான் முடித்ததும் அவன் என்னையே பார்த்தான்.

"நீ இவ்வளவு நேரம் பேசி நான் பாத்ததே இல்லயேக்கா."

பிறகு, "அந்த வார்த்தை அம்மா வார்த்தைல்லா?" என்றான்.

"எந்த வார்த்தை?"

"அப்பா பீடித் தட்ட எடுத்து வச்சிட்டு, சுந்தரி எங்கன்னு ஒன்னத்தான் கேப்பாவ. அம்மா, 'அவ படிச்சிட்டு இருக்கா, பொறவு சுத்துவா'ம்பா. பொறவு எங்க சுத்துன நீ? ஒம் பங்கையும் நான்தான சுத்துனேன்."

எனக்கு இது ஞாபகம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன்.

"நெசமாச் சொல்லு. அப்ப நீ படிச்சியா?"

"சில நாள்."

"மிச்ச நாளு?"

"தொடர்கதை."

முதலில் அவன் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தமாகச் சிரித்தான். அறைக்குள்ளிருந்து முப்பி எட்டிப் பார்த்தாள். அவளைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டான். ஆனால் மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சாம்பாரில் உப்பு இல்லை என்று இரண்டு பேருமே சொன்னார்கள்.

மே 9, சனி

நயினார் தனியாகப் போய் நாளை நிகழ்ச்சி நடக்கிற மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்தான். மேடைக்குப் பின்னால் வழி எங்கே, தடுப்பு எவ்வளவு தூரம், பெண்கள் நிற்கிற இடத்தில் விளக்கு இருக்கிறதா என்றெல்லாம் ஜெரோமைக் கேட்டு உலுக்கியிருக்கிறான். ஜெரோம் எனக்கு போன் பண்ணி, "ஆன்ட்டி, அவரு யாரு, போலீஸா?" என்றார்.

சாயங்காலம் முப்பி பையைக் கட்டி வாசலில் வைத்தாள். ரயிலுக்கு நேரமாயிற்று. நயினார் கூடத்தில் மைக்கின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவிழ்த்தான், மறுபடியும் சுற்றினான். ரயில் போயிருக்கும்.

மே 10, ஞாயிறு

காலையில் இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நயினார் சொன்னான்: "ஏட்டி, அந்தத் துணிய எடுத்துட்டுப் பாடு."

முப்பி சட்னிக் கரண்டியோடு நின்றாள்.

"வாய மூடிக்கிட்டு மைக்க பிடிச்சா என்ன எழவு கேக்கும்? பாதி எழுத்து உள்ளயே கெடக்கு. எம் மைக்குக்குத்தான் கெட்ட பேரு." இட்லியைப் பிட்டான். "நான் இன்னும் சம்மதிக்கல. இது வேற."

மைதானத்தில் நான் கடைசியில், வேலியை ஒட்டி நின்றேன். நயினார் ஒலிக்கருவிகளின் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "பேஸ் சத்தம் கூடுதல்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். எங்களைச் சுற்றிலும் பெண்கள். என் மாணவிகளின் வயது. பாதிப் பேர் இன்று எங்கே போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்க எனக்கு விருப்பமில்லை.

முப்பி துணி இல்லாமல் வந்தாள். அவள் முகம் அவ்வளவு பெரிய திரையில் தெரிந்தபோது நயினார் கீழே பார்த்துக்கொண்டான். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பையன் ஏதோ சொன்னான். நயினார் காது கூர்மையாயிற்று. பையன் சொன்னது, "செம்மயா எழுதியிருக்கா மச்சான்" என்பதுதான். நயினார் அவனை மேலும் கீழும் பார்த்தான், நம்பாததுபோல.

அந்தப் பாட்டு வந்தது. என் குரல் வரவேண்டிய இடத்தில் முப்பி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து அதைச் சொன்னார்கள். என்னால் சகிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கடற்காற்றில் உப்பு.

அப்போது நயினாரின் போன் அடித்தது. சுரண்டை மாப்பிள்ளையின் அப்பா. ஒரு காதைப் பொத்திக்கொண்டு வேலியோரம் ஒதுங்கினான். நானும் பின்னால் போனேன்.

"அலோ, அண்ணாச்சி, சொல்லுங்க. ஆமா, சென்னையிலதான் இருக்கேன். நாளைக்கா? முப்பியா?"

என்னைப் பார்த்தான். நான் எந்த உதவியும் செய்யவில்லை.

"அவ படிச்சிட்டு இருக்கா" என்றான்.

மிச்சத்தை அவன் சொல்வதற்குள் மைதானம் சொல்லிவிட்டது.

மே 17, ஞாயிறு

சுரண்டையிலிருந்து அதன்பிறகு பேச்சே இல்லையாம். பொன்னுத்தாய் சொன்னாள், வருத்தமில்லாமல்.

பட்டுச் சேலைகளை எடுத்து ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். அலமாரியில் பருத்தி மட்டும். புழுங்குகிறது, மின்விசிறி போட முடியாது.

பத்து மணிக்கு நயினார் கூப்பிட்டான்.

"எக்கா, முப்பி எங்க?"

"அலமாரிக்குள்ள. பாடிட்டு இருக்கா."

"சரி சரி" என்றான். "தொந்தரவு பண்ணாத."